கால் படும் இடம்: மெர்செட் ஆறும் ஒரு செங்கால் தவளையும்

2019 வசந்தத்தில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், புல்வெளிக் குட்டைகளில் தவளை முட்டைகள் கண்ணில் பட்டன. வேகவைத்த ஜவ்வரிசியை ஒரு கைப்பிடி திரட்டி நாணல் தண்டில் ஒட்டியது மாதிரி இருக்கும் அந்த முட்டைக் கொத்து. ஒன்றில் 2,000 முதல் 5,000 முட்டைகள் வரை இருக்கலாம். தவளை முட்டையெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்கத் தோன்றும். இவை கலிபோர்னியச் செங்கால் தவளையின் முட்டைகள். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அந்த இனம் அற்றுப்போய் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. விலங்குக் காட்சிசாலையில் வளர்த்துக் கொண்டுவந்து விடப்பட்டவை, இந்த மண்ணில் தாமாகவே இனம் பெருக்கியதற்கு முதல் அத்தாட்சி இது.

இந்தக் குட்டைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது மெர்செட் ஆறு. ஆற்றங்கரைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடலாம் என்ற கேள்விக்காகப் பூங்கா நிர்வாகம் பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறி இறங்கியது. தவளையின் கதையும் வழக்கின் கதையும் ஒரே இடத்தில் ஒரே காலத்தில் நடந்தவை. ஆனாலும் தனித்தனியாகத்தான் சொல்லப்படுகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வழக்கு பெரும்பாலும் தலைகளை எண்ணியது, தவளை அழிந்ததோ வேறு காரணங்களால் என்பது தெரியவரும். அந்தக் காரணங்கள் என்ன, அவற்றில் எவை சரிசெய்யப்பட்டன, எவை இன்னும் அப்படியே நிற்கின்றன என்பதுதான் இங்கே பேச்சு.

ஆறும் சட்டமும்

மெர்செட் ஆறு சியரா நெவாடா மலையின் உச்சிகளில் பனி உருகிப் பிறக்கிறது. நெவாடா அருவி, வெர்னல் அருவி என்று இரண்டு பெரிய படிகளில் இறங்கி, சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் யோசெமிட்டி பள்ளத்தாக்கை அடைகிறது. அங்கே தரை சமதளம். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு அவசரம் இல்லாமல் வளைந்து வளைந்து போகும். மே, ஜூனில் பனிநீர் வந்து கரை தட்டும். செப்டம்பரில் முழங்கால் அளவுக்கு வற்றும். இரண்டு பக்கமும் நிமிர்ந்த கருங்கல் சுவர்கள், நடுவே புல்வெளி, கறுப்பு ஓக், வில்லோ. படத்தில் பார்த்தவர்களுக்கே ஆசை வரும் இடம். ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேர் வருகிறார்கள். 2016இல் 50 லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் போய்ச் சேருவது இந்தச் சிறு பள்ளத்தாக்குக்குத்தான். பூங்காவின் பரப்பு 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் என்பதை நினைத்தால் இது எவ்வளவு நெருக்கடி என்று புரியும்.

அமெரிக்காவில் 1968இல் ஆறுகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. இயற்கை மாறாத, எழில் மிக்க ஆறுகளைத் தேர்ந்தெடுத்து, அவை தடையின்றி ஓடவும் அவற்றின் தனிச்சிறப்புகள் கெடாமல் இருக்கவும் வழி செய்யும் சட்டம். மெர்செட் அந்தப் பட்டியலில் 1987இல் சேர்ந்தது. பூங்கா நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பது சுமார் 130 கிலோமீட்டர். பட்டியலில் சேர்ந்த ஆறு ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும், அதில் அந்த ஆறு எத்தனை பேரைத் தாங்கும் என்பதும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வழக்கு முழுக்கச் சுற்றிவந்தது இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

யார் காணாமல் போனார்கள்?

செங்கால் தவளை அமெரிக்க மேற்கின் உள்நாட்டுத் தவளைகளிலேயே பெரியது. நன்றாக வளர்ந்தால் உள்ளங்கை நிறைய இருக்கும். முதுகு பழுப்பு அல்லது பச்சை கலந்த நிறம், கரும்புள்ளிகள். புரட்டிப் பார்த்தால்தான் அடிவயிற்றிலும் பின்னங்கால் உட்புறத்திலும் அந்தச் சிவப்பு தெரியும். தங்க வேட்டைக் காலத்திலிருந்து கலிபோர்னியாவில் உணவுக்காக ஏராளமாகப் பிடிக்கப்பட்ட தவளை இது. பிறகு ஈரநிலங்கள் வயலாகவும் ஊராகவும் மாற, வாழ்ந்த இடங்களில் ஏறக்குறைய 70 சதவீதத்திலிருந்து மறைந்தது. 1996இல் அழிவு அச்சுறுத்தலில் உள்ள இனமாகக் கூட்டரசு அறிவித்தது. 2014இல் கலிபோர்னியா தன் மாநில நீர்நிலவாழ்வியாக அதை ஏற்றது. அரிதாகிப் போன பிறகுதான் பட்டம் கிடைக்கிறது, என்ன செய்ய.

ஆனால் யோசெமிட்டி வயலாகவும் மாறவில்லை, ஊராகவும் மாறவில்லை. 1864இலேயே ஒதுக்கி வைக்கப்பட்ட பள்ளத்தாக்கு அது. 1890இலிருந்து அந்த வட்டாரம் தேசியப் பூங்கா. வேட்டை கிடையாது, கட்டுப்பாடுகள் உண்டு, காவலர்கள் உண்டு. அப்படியும் அங்கே தவளை அழிந்தது எப்படி?

முதல் காரணம் ஒரு அலங்காரக் குளம். பள்ளத்தாக்கில் உள்ள அவானி என்ற பெரிய விடுதியின் முன்னே, மலை தெரியும்படி ஒரு குளம் இருந்தது. 1950களில் அதில் அமெரிக்கக் காளைத்தவளைகளை விட்டார்கள். குளத்துக்கு ஒரு களை வரட்டும் என்று செய்ததாக இருக்கலாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிப் போனது. காளைத்தவளை நாட்டின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. வாயில் அடங்கும் எதையும் விழுங்கும்: பூச்சி, மீன், பாம்புக்குட்டி, வேறு தவளை, தன் இனத்துக் குஞ்சைக்கூட. ஒரு பெண் தவளை 20,000 முட்டை வரை இடும். போதாக்குறைக்கு, தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையைத் தான் சாகாமல் சுமந்து மற்றவற்றுக்குப் பரப்பும். விடுதிக் குளத்தில் தொடங்கி அது மெல்ல மெல்லப் பள்ளத்தாக்கின் ஈரநிலங்களைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது காரணம் குப்பை. 1970களில் பள்ளத்தாக்கில் திறந்து கிடந்த குப்பையைத் தின்று ரக்கூன்கள் (இரவில் இரை தேடும், கிடைத்ததையெல்லாம் தின்னும் ஒரு சிறு விலங்கு) பெருகின. ரக்கூனுக்குத் தவளை, ஆமைமுட்டை, ஆமைக்குஞ்சு எல்லாமே பிடிக்கும். ஒரு காட்டில் இயல்பாக எத்தனை ரக்கூன் பிழைக்குமோ அதைப் போல் பல மடங்கு, மனிதர்கள் வீசிய மிச்சத்தில் பிழைத்தன. மாலையில் குப்பைத்தொட்டி, இரவில் ஆற்றங்கரை. பாதுகாக்கப்பட்ட பூங்காவில் வேட்டைக்காரன் செய்ய முடியாததை எச்சில் இலை செய்துவிட்டது என்று சொன்னால் மிகை இல்லை.

மேற்குக் குளத்தாமைக்கும் இதே கதிதான். ஒரு கை அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓடு, மங்கிய பழுப்பு நிறம், பார்த்தால் ஈரக்கல் மாதிரி இருக்கும். குஞ்சு பொரித்து வரும்போது ஒரு நாணயம் அளவுதான். காளைத்தவளை அதை ஒரே வாயில் விழுங்கும். ரக்கூன் கரையில் முட்டைக்குழியைத் தோண்டும். இந்த ஆமைகளும் பல பத்தாண்டுகள் பள்ளத்தாக்கில் இல்லாமல் போயின.

பெரிய சாம்பல் ஆந்தையைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது அழியவில்லை, ஆனால் மிக அரிது. கலிபோர்னியா முழுவதும் சில நூறுதான் இருக்கும், அவற்றில் பெரும்பகுதி யோசெமிட்டியிலும் சுற்றிலும். மலையின் நடு உயரத்தில் உள்ள ஈரப் புல்வெளிகள்தான் அதன் அடுப்படி. புல்லுக்கடியில் ஓடும் எலியின் சத்தத்தைக் கேட்டே பாய்ந்து பிடிக்கும். கூடு வைக்க முறிந்த தலையுடைய பட்ட மரம் வேண்டும். ஆக, அதற்கு வேண்டியவை இரண்டே: ஈரம் காயாத புல்வெளி, வெட்டப்படாத பட்ட மரம். பூங்காக்களில் இந்த இரண்டும்தான் முதலில் 'ஒழுங்கு' செய்யப்படுபவை.

ஆற்றுக்கு என்ன ஆனது?

காளைத்தவளையும் ரக்கூனும் மட்டும் காரணமாக இருந்திருந்தால் விஷயம் எளிது. அவற்றை விரட்டினால் முடிந்தது. ஆனால் குட்டையில் தண்ணீர் நிற்க வேண்டுமே.

செங்கால் தவளையின் தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேற மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஆகும். வசந்தத்தில் இட்ட முட்டை என்றால் கோடை முடியும்வரை குட்டை வற்றக் கூடாது. குட்டைக்குத் தண்ணீர் தருவது புல்வெளியின் நிலத்தடி நீர். அதைத் தாங்கிப் பிடிப்பது ஆற்றின் மட்டம். ஆறு தாழ்ந்தால் புல்வெளியும் சேர்ந்து காயும்.

ஆற்றை 1879இல் தாழ்த்தினார்கள், வெடிவைத்து. பனியாறு ஒரு காலத்தில் விட்டுப்போன கற்குவியல் ஒன்று எல் கேப்பிட்டன் பாறைக்கு அருகே ஆற்றுக்குக் குறுக்கே இயற்கையான தடுப்பாக நின்றது. அதனால் மேலே உள்ள புல்வெளிகளில் ஆண்டுதோறும் வெள்ளம் தேங்கும். சதுப்பு, கொசு. பள்ளத்தாக்கின் காப்பாளராக இருந்தவர் கேலன் கிளார்க். யோசெமிட்டியைக் காப்பாற்றியவர்களில் முன்வரிசையில் வைக்க வேண்டிய மனிதர். அதில் சந்தேகம் இல்லை. அந்தத் தடுப்பைத் தகர்த்து நான்கு அடிக்கு மேல் தாழ்த்தியதும் அவர் காலத்து வேலைதான். அன்றைய கண்ணுக்கு அது நல்ல காரியம். ஆறு வடிந்தது, தன் படுகையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது, புல்வெளிகள் காயத் தொடங்கின. காய்ந்த புல்வெளியில் ஊசியிலை மரங்கள் ஏறின. அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்கள் 1851இல் படை கொண்டு விரட்டப்பட்ட பின், அவர்கள் காலங்காலமாக வைத்துவந்த சிறு தீயும் நின்றுபோயிருந்தது. அதனால் மரங்களைத் தடுக்க எதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருந்த புல்வெளிப் பரப்பில் பாதிக்கு மேல் இன்று இல்லை.

அப்புறம் பாலங்கள் வந்தன, அழகான கல் வளைவுப் பாலங்கள். அவற்றைக் காக்க, ஆற்றில் விழுந்த மரங்களை எடுத்துப் போட்டார்கள். கரை அரிக்காமல் இருக்கப் பாறைக்கல் அடுக்கினார்கள். விழுந்த மரம் ஆற்றில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்: தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும், பின்னால் மணலைத் தேக்கும், அடியில் ஆழமான மடுவைக் குடையும், மேலே ஆமை ஏறி வெயில் காயும். ஆமைக்கு வெயில் காய்வது சோம்பல் அல்ல. உடம்பு சூடேறினால்தான் தின்றது செரிக்கும். மரத்தை அகற்றியபோது ஆமையின் வீட்டுச் சாமான்களையும் சேர்த்து அகற்றிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஓர் ஆய்வைச் சற்று நின்று பார்க்கலாம். 1994இல் வெளிவந்தது. 1919 முதல் 1989 வரை மெர்செட் ஆற்றின் அகலம் எப்படி மாறியது என்று பழைய படங்களையும் ஆவணங்களையும் அளவீடுகளையும் வைத்து ஒப்பிட்டார்கள். ஒரே ஆற்றில் இரண்டு பகுதிகள்: மேலே, முகாம்களும் பாலங்களும் கூட்டமும் உள்ள பகுதி, கீழே, ஆள் நடமாட்டம் குறைந்த பகுதி. மேல்பகுதியில் ஆறு சராசரியாக 27 சதவீதம் அகன்றிருந்தது. கீழ்ப்பகுதியிலோ சில இடங்களில் அகன்றும் சில இடங்களில் குறுகியும், மொத்தத்தில் 4 சதவீதம் குறைந்திருந்தது. மேல்பகுதியில் உள்ள 6 பாலங்கள், ஆற்றின் இயல்பான அகலத்தைச் சராசரியாக 38 சதவீதம் இறுக்கிப் பிடித்திருந்தன.

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது ஒரு சின்ன விவரம். சாதாரணமாக ஆறு கரையை அரிப்பது வளைவில்தான். கீழ்ப்பகுதியில் அப்படித்தான் இருந்தது. மேல்பகுதியில் மட்டும் நேராக ஓடும் இடங்களிலும் அதே அளவுக்குக் கரை சரிந்திருந்தது. தண்ணீருக்கு அங்கே கரையை அறுக்க வேலையே இல்லை. அறுத்தது கால். கூடாரத்திலிருந்து நேரே ஆற்றுக்கு இறங்கும் கால், துணி துவைக்க, காலை நனைக்க, படகை இழுக்க இறங்கும் கால். ஒரு வில்லோ நாற்று மிதிபட்டுச் சாகும், வேர் போகும், வேர் போன மண் அடுத்த வெள்ளத்தில் போகும்.

பள்ளத்தாக்கு ஒன்றுதான், ஆண்டும் ஒன்றுதான், ஆறும் ஒன்றுதான். ஆனாலும் ஒரு பகுதி கெட்டது, மற்றது கெடவில்லை. வாசலில் எத்தனை கார் நுழைந்தது என்ற கணக்கு இரண்டு பகுதிக்கும் பொதுதானே?

வெள்ளமும் வழக்கும்

1997 புத்தாண்டு அன்று, மலைமேல் கிடந்த பனியில் சூடான மழை கொட்டியது. பனியும் மழையும் சேர்ந்து இறங்கின. பள்ளத்தாக்கில் சாலைகள், விடுதி அறைகள், முகாம்கள் எல்லாம் தண்ணீருக்குள். பூங்கா இரண்டு மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. ஆற்றை ஒட்டியிருந்த இரண்டு பெரிய முகாம்கள் பிறகு திறக்கவே இல்லை. ஆறு தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது என்று அப்போது பலர் சொன்னார்கள்.

அடுத்த கட்டம் பழுதுபார்க்கும் வேலை. ஆற்றை ஒட்டிய எல் போர்ட்டல் சாலையை அகலப்படுத்தப் போனபோது வழக்கு வந்தது. பட்டியலில் சேர்த்துப் பத்தாண்டு கடந்தும் ஆற்றுக்கு முறையான திட்டம் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, 1999இல் நீதிமன்றம் திட்டத்தை எழுதச் சொன்னது. 2000இல் எழுதினார்கள். யோசெமிட்டி பள்ளத்தாக்கு நண்பர்கள் என்ற அமைப்பும், பூங்காவை ஒட்டிய மரிபோசா வட்டாரத்து அமைப்பு ஒன்றும் வழக்குத் தொடுத்தன. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆறு தாங்கும் ஆள்கணக்கைத் திட்டம் சரியாகச் சொல்லவில்லை என்றது. 2005இல் திருத்தி எழுதினார்கள். 2008இல் அதுவும் நிற்கவில்லை. 2009இல் சமரசம். மறுபடி முதலிலிருந்து. 2013 தொடக்கத்தில் வரைவு வெளியானது, 2014 மார்ச்சில் இறுதி முடிவு. பட்டியலில் சேர்ந்த ஆண்டிலிருந்து எண்ணினால் 27 ஆண்டுகள்.

வழக்குத் தொடுத்தவர்கள் கேட்டது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்காமல் விட்டிருந்தால் 2000த்தின் அரைகுறைத் திட்டமே நிலைத்திருக்கும். ஆனால் எண் என்பது ஒரு விசித்திரமான பொருள். அதைக் கையில் கொடுத்துவிட்டால் எல்லாரும் அதைப் பற்றியே பேசுவார்கள்.

வரைவு வந்ததும் நடந்தது அதுதான், சற்று வேறு விதமாக. ஐஸ் ஸ்கேட்டிங் தளத்தையும் சைக்கிள், படகு வாடகையையும் நீச்சல் குளங்களையும் பள்ளத்தாக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று வரைவில் இருந்தது. ஊர் கொதித்தது. நாடாளுமன்றக் குழுவில் விசாரணை வரை போனது. கடைசியில் அவற்றில் பெரும்பாலானவை குறைத்தோ இடம் மாற்றியோ தப்பின. 1928இல் கட்டிய சுகர் பைன் பாலத்தை அகற்றலாம் என்பதும் ஒரு யோசனை. ஆற்றை இறுக்கிப் பிடிக்கும் பாலங்களில் அது முக்கியமானது. ஆனால் அது வரலாற்றுச் சின்னமும்கூட. பாரம்பரியத்தைக் காப்பவர்கள் ஒரு பக்கம், ஆற்றைக் காப்பவர்கள் மறுபக்கம். இரண்டு பேரும் நல்லவர்கள். பாலம் நின்றது. பாதிப்பைக் குறைக்க ஆற்றில் மரத்தடிகளைப் போட்டுப் பார்ப்பது போன்ற வழிகள் முடிவாயின.

இறுதித் திட்டத்தில் எண்ணும் வந்தது: பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதியில் ஒரு நாளைக்கு உச்சமாக 20,100 பேர். செய்தித்தாள்கள் தலைப்பில் போட வசதியான வரி அது. திட்டத்தின் உள்ளே போனால், தவளைக்கும் ஆமைக்கும் ஆந்தைக்கும் ஆகக்கூடியவை வேறு வரிகளில் இருக்கின்றன. 189 ஏக்கர் புல்வெளியையும் ஆற்றங்கரையையும் மீட்பது. கரையில் அடுக்கிய கற்களை எடுத்துவிட்டு வில்லோ நடுவது. கூடாரங்களை ஆற்றிலிருந்து 100 அடிக்கு அப்பால் தள்ளுவது. இறங்குவதற்கு மணல்திட்டுகளைக் காட்டிவிட்டு, மென்மையான கரைகளை வேலியிட்டு விடுவது. புல்வெளியில் ஒற்றையடிப் பாதைகள் எத்தனை துண்டாக அதை வெட்டுகின்றன என்று தொடர்ந்து அளப்பது. எத்தனை பேர் என்ற கேள்விக்கு இவற்றில் எதுவுமே பதில் இல்லை. ஆனால் கால் எங்கே படுகிறது என்ற கேள்விக்கு எல்லாமே பதில்.

படகுக்கும் அப்படியே. பள்ளத்தாக்கில் ஸ்டோன்மேன் பாலத்திலிருந்து சென்டினல் கடற்கரை வரை (ஆற்றங்கரைக்குத்தான் அவர்கள் அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள்) காலை 10 முதல் மாலை 6 வரை மிதக்கலாம். சென்டினல் பாலத்து அளவுகோலில் நீர்மட்டம் 6.5 அடியைத் தொட்டால் அனுமதி இல்லை. விதியே இரண்டு வரிதான், ஆற்றைக் கேட்டு எழுதிய விதி.

திரும்பி வந்த வழி

வழக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, காளைத்தவளை வேட்டை தனியாக நடந்தது. 2005இல் சின்ன அளவில் தொடங்கினார்கள். காளைத்தவளையைப் பிடிப்பது இரவு வேலை. தலைவிளக்கு வெளிச்சம் பட்டால் நீர்மட்டத்தில் இரண்டு கண்கள் மின்னும். அசையாமல் கிட்டே போக வேண்டும். தவறவிட்டால் 'தொபுக்' என்று ஒரு சத்தம், அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு குட்டையில் ஒரு ஜோடி தப்பினாலும் அடுத்த ஆண்டு ஆயிரக்கணக்கில் தலைப்பிரட்டை. அதனால் இந்த வேலையில் 95 சதவீத வெற்றி என்பதற்கு அர்த்தமே இல்லை. கடைசியில் ஒலிப்பதிவு, தண்ணீரில் கலந்திருக்கும் மரபணுத் தடயம் என்று எல்லாவற்றையும் வைத்துத் தேடினார்கள். காளைத்தவளைத் தலைப்பிரட்டை கடைசியாகத் தென்பட்டது 2012இல்.

குப்பை விஷயம் அதற்கு முன்பே மாறியிருந்தது. யோசெமிட்டியில் கரடிகள் கார்க் கதவைப் பிய்த்து உணவைத் தேடிய காலம் ஒன்று உண்டு. 1998இல் மட்டும் ஏறக்குறைய 1,600 சம்பவங்கள். கரடிக்காகவே மூடித் தாழிடும் தொட்டிகளும் உணவுப் பெட்டிகளும் எல்லா இடத்திலும் வந்தன. அதில் ரக்கூனின் இரவுச் சாப்பாடும் நின்றது. கரடிக்குப் போட்ட பூட்டு தவளைக்கும் உதவியது என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

தண்ணீர்? குக்ஸ் புல்வெளி பள்ளத்தாக்கின் நடுவில், யோசெமிட்டி அருவி நேரே தெரியும் இடத்தில் இருக்கிறது. அதை வடிகட்ட முன்பு வெட்டிய வாய்க்கால்களைத் தூர்த்தார்கள். தண்ணீரைக் குறுக்கே தடுத்த பழைய சாலை மேட்டை எடுத்தார்கள். ஆட்கள் நடக்கக் கால் ஊன்றிய மரப்பாதை போட்டார்கள்; அடியில் தண்ணீர் பாட்டுக்குப் போகும், மேலே கூட்டம் பாட்டுக்குப் போகும். கூட்டம் குறையவில்லை, கவனியுங்கள். அருவியைப் படம் எடுப்பவர்கள் முன்னைப் போலவே வருகிறார்கள். புல் மட்டும் மிதிபடவில்லை, ஈரம் மட்டும் நின்றது.

அதன்பிறகுதான் தவளை. பூங்கா நிர்வாகமும் யோசெமிட்டி கன்சர்வன்சி என்ற நன்கொடை அமைப்பும் சான் பிரான்சிஸ்கோ விலங்குக் காட்சிசாலையும் வனவிலங்குத் துறைகளும் சேர்ந்து செய்த வேலை. வேறு இடத்திலிருந்து முட்டை எடுத்து, காட்சிசாலையில் வளர்த்து, 2016 முதல் விட ஆரம்பித்தார்கள். சிலவற்றின் இடுப்பில் சிறு ரேடியோ கருவி கட்டி எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தார்கள். 2019 வரை முட்டை, தலைப்பிரட்டை என்று சுமார் 4,000, வளர்ந்த தவளைகள் சுமார் 500. அந்த 2019இல்தான் நாணலில் ஜவ்வரிசிக் கொத்து தென்பட்டது, குக்ஸ் புல்வெளி உட்பட.

வரிசையைப் பாருங்கள்: குப்பை, புல்வெளி நீர், காளைத்தவளை, கடைசியாகத்தான் செங்கால் தவளை. எத்தனையோ மீள்விடும் முயற்சிகள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து தோற்றிருக்கின்றன. விலங்கைக் கொண்டுவந்து விடுவது படம் எடுக்க வசதியான வேலை. குப்பைத்தொட்டிக்கு மூடி போடுவதை யார் படம் எடுப்பார்கள்?

சுவரின் மேலும் ஏரியின் அடியிலும்

பள்ளத்தாக்குச் சுவர்களில் கூடு வைக்கும் பொரி வல்லூறு விஷயத்தில் நிர்வாகம் இந்தப் பாடத்தை முன்பே கற்றிருந்தது. டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து அழிவின் விளிம்புக்குப் போன பறவை. 1972இல் டிடிடி தடை. 1978இல் எல் கேப்பிட்டனில் ஒரு கூட்டைப் பாறையேறுபவர்கள் கண்டார்கள். அதன்பின் வந்த முறை இன்றும் தொடர்கிறது: மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை, கூடு இருக்கும் பாறைத்தடங்களில் மட்டும் ஏற முடியாது, மற்ற இடங்களில் ஏறலாம். குஞ்சு பறந்துவிட்டால் தடை முன்கூட்டியே நீங்கும். 1999இல் வல்லூறு கூட்டரசின் அழிவுப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

மேலே, ஆறு பிறக்கும் உயரத்தில், இன்னொரு பாடம். சியராவின் உச்சி ஏரிகளில் இயல்பாக மீன் கிடையாது. தூண்டில்காரர்களுக்காக ட்ரௌட் மீனை விட்டார்கள். அங்கே வாழும் மஞ்சள்கால் தவளையின் தலைப்பிரட்டை ஒரே கோடையில் தவளையாகாது. ஆண்டுக்கணக்கில் ஏரிக்குள்ளேயே குளிர்காலங்களைக் கடக்க வேண்டும். அதற்கு அடிவரை உறையாத ஆழமான ஏரி வேண்டும். மீனுக்கும் அதே ஏரிதான் வேண்டும். யோசெமிட்டியில் மீன் விடுவதை 1991இல் நிறுத்தினார்கள். பிறகு சில ஏரிகளில் வலை போட்டு மீனை அகற்றினார்கள். ஆனாலும் கைட்ரிட் பூஞ்சை மிச்சமிருந்ததையும் வாரிக்கொண்டு போனது. 2014இல் அழியும் இனம் என்று அறிவிப்பு வந்தது. பூஞ்சையைத் தாக்குப்பிடித்துப் பிழைத்த கூட்டங்களிலிருந்து தவளைகளை எடுத்து, 2006 முதல் 2020 வரை 12 ஏரிகளில் 24 முறை விட்டுப் பார்த்தார்கள். பூஞ்சை இருக்கும்போதே பல ஏரிகளில் அவை நிலைத்தன. அங்கே கூட்டம் என்று சொல்ல ஆளே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் எந்தப் பதிலும் தவளையைக் காப்பாற்றியிருக்காது.

இன்னும் முடியாதவை

நுழைவுக்கு முன்பதிவு முறை 2020இல் பெருந்தொற்றுக்காக வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் எண்ணைப் பற்றிய அதே சண்டை. அதைத் தேவையில்லை என்று நான் ஒதுக்க மாட்டேன்; கார் நிறுத்த இடம் கிடைக்காதவர்கள்தான் புல்வெளி ஓரத்தில் சக்கரத்தை ஏற்றுகிறார்கள்.

எல் கேப்பிட்டன் அருகே 1879இல் தகர்த்த தடுப்பு தகர்த்தபடியே இருக்கிறது. சுகர் பைன் பாலமும் நிற்கிறது. மேற்குக் குளத்தாமைகளையும் 2016 முதல் பள்ளத்தாக்கில் விட்டிருக்கிறார்கள். ஆமையின் கணக்கு வேறு. ஒரு பெண் ஆமை முதல் முட்டை இடப் பத்தாண்டு பக்கம் ஆகலாம். பிழைத்தால் நாற்பது ஆண்டுக்கு மேல் வாழும். முட்டையிட அது தண்ணீரை விட்டு ஏறி, வெயில் படும் காய்ந்த மண்ணைத் தேடிக் கரையில் நடந்து போகும், சில சமயம் நூறு மீட்டருக்கு மேல். கூடாரங்களை ஆற்றிலிருந்து தள்ளச் சொன்ன அந்த 100 அடி, அது நடக்கும் வழியில்தான் இருக்கிறது.